சில்வர் கவருக்குப் பொறுப்பு யார்

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் தும்மல். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் பிரயோசனமில்லை, ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். அப்படியே குடோனுக்குள் போனேன்.

நாங்கள் முந்திரி விற்கும் ஆப்பிலிருந்து மெயில். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். முதல் பத்தியிலேயே முதலாளி சாருக்குப் பொறுமை போய்விட்டது. "சுகந்தி, இதப் படிச்சு என்னன்னு சொல்லும்மா. ஏதோ பிளாஸ்டிக்குங்கறான்."

படித்துச் சொன்னேன். பிளாஸ்டிக் கவரில் பொருள் விற்பவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் நம் முந்திரி ஆப்பில் தெரியாது. அவர்கள் கேட்பது:

என்ன கவர், மாதம் எத்தனை கிலோ.
அதில் எவ்வளவு திரும்ப எடுக்கிறீர்கள். ("வித்த கவர எவன் திருப்பித் தருவான்?" என்றார் சார்.)
எடுத்ததை யாரிடம் கொடுக்கிறீர்கள், அவர்கள் கடிதம், போட்டோ.
பொறுப்பாளர் பெயர், ஆதார், போன் நம்பர்.

கடைசி வரியில் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உம் பேரப் போட்டுக்க. நீதானே இங்க படிச்ச புள்ள."

பேக்கேஜிங் பொறுப்பு அலுவலர். அப்படியே டைப் செய்து சேமித்தேன். எங்கள் வீட்டில் பதவி என்று ஒன்று அம்மாவுக்கு மட்டும் உண்டு. ஊராட்சியில் தூய்மைக் காவலர். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "ஏம்மா குப்ப"தான்.

சந்தோஷப்பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

எழுத மறந்துவிட்டேன். நாலு மணிக்கு டீ. சாருக்கும் கணக்கருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் பேக்கிங் அக்காக்கள் ஆறு பேருக்கும் பேப்பர் கப். பொறுப்பு அலுவலர் ஆன பிறகும் பேப்பர் கப்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

கவர்களை எடை போட்டேன். ராணியக்கா சீல் மெஷினில் இருந்தபடியே கத்தினாள். பேக்கிங்கில் அவள்தான் மூத்தவள். "என்னடி, முந்திரிய விட்டுட்டு வெறுங்கவர எட போடுற? சாரு இனிமே கவரத்தான் விக்கப் போறாரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நாங்கள் பயன்படுத்துபவை: சில்வர் கவர், வாய்க்கு ஜிப் வைத்தது. அதற்கு மேல் பபிள் கவர். அதற்கு மேல் ஆப்காரன் கொடுத்த மஞ்சள் கவர். டேப்.

நான்கு சுற்று. உடைகிற பொருளா முந்திரி? போன மாதம் பபிள் கவர் போடாமல் அனுப்பியதற்கு எச்சரிக்கை அனுப்பியது இதே ஆப். போடு என்று மிரட்டுகிறவனும் அவன். போட்டதற்குக் கணக்குச் சொல் என்று மிரட்டுகிறவனும் அவன். அவனுடைய மஞ்சள் கவருக்கு யார் பொறுப்பு அலுவலர்? நான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது என் தப்பு. சில்வர் கவரைத் தேர்ந்தெடுத்தது நான். சாம்பிள் வந்தபோது மினுமினுப்பைப் பார்த்து மயங்கி, இதுதான் என்று கை காட்டினேன். லேபிள் வரைந்ததும் நானே. அதன் மூலையில் மூன்று அம்பு சுற்றும் ஒரு முக்கோணம். டவுன் கடையில் பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அது இருந்தது. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வைப்பது போல இதுவும் வைத்தே ஆக வேண்டிய ஒரு குறி என்று நினைத்துப் போட்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத்தான் எனக்கு வராதே.

இன்று படித்துத் தெரிந்துகொண்டேன். மறுசுழற்சி செய்யக்கூடியது என்று அர்த்தமாம். சில்வர் கவர் இரண்டு மூன்று அடுக்கை ஒட்டிச் செய்தது, பிரிப்பதே பெரிய பாடாம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் என் கையால் ஒரு பொய்.

நவம்பர் 26, புதன்

மேகம். துணி காயவில்லை. நாளைக்குப் போட நீலச் சுடிதார் மட்டும்.

இன்று மதியம் மட்டும் வேலை. காலையில் அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினேன்.

"சில்வர் கவர் வந்தா என்னம்மா செய்வ?"

"என்ன செய்வாங்க? பால் கவரு தனி, பாட்டிலு தனி. காயலாங்கடக்காரன் எடுத்துக்குவான். இந்தப் பளபளா இருக்கு பாரு, இத மட்டும் தொடமாட்டான். 'யக்கா, இத நீயே வச்சு வதக்கித் தின்னு'ம்பான்."

"அப்புறம்?"

"குழிதான். காஞ்சா கொளுத்துவோம். கொளுத்தக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான்ல, அதுக்குப் பின்னாடி வச்சுக் கொளுத்துவோம்."

கொஞ்ச நேரம் கீரை. பிறகு, சாதாரணமாக: "இப்பல்லாம் உங்க கம்பெனிதுதான் ரொம்ப வருது."

கை நின்றுவிட்டது. எங்கள் முந்திரி விற்பது சென்னையில், பெங்களூரில். எங்கள் தெரு முனைக்கு எப்படி வரும்?

"சீலு விட்டது, பிரிண்டு கோணலாப் போனது. வாரத்துக்கு ஒருநாளு டிராக்டர்ல கொண்டாந்து கொட்டிட்டுப் போறான். உங்க குடோன் வண்டிதான். லேபிள் பாத்தேன்ல. நாம பெத்தது வரஞ்ச படம் நமக்குத் தெரியாதா?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடுவ. இல்லன்னா அழுவ. ரெண்டும் எதுக்கு?"

போய்ப் பார்த்தேன். குழி எங்கள் வீட்டிலிருந்து நூறு அடி. ஊர்க் குப்பையெல்லாம் எங்கள் தெருமுனையில்தான் என்பது நான் பிறப்பதற்கு முன்பே யாரோ முடிவு செய்த விஷயம். ஓடைத் தண்ணீர் தேங்கி, அதில் கவர்கள் மிதக்கின்றன. மழையில் கழுவிவிட்டதில் புதிதாக மின்னுகின்றன. முக்கோணம் தெளிவாகத் தெரிகிறது. நல்ல பிரிண்ட்.

இந்தக் குழியின் புகையில் இருமிக்கொண்டேதான் பிளஸ் டூ படித்தேன். யார் குப்பை என்று அன்று யோசித்ததில்லை. இன்று அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அழவில்லை. அம்மாவின் கணக்கில் ஒன்று தப்பு.

நவம்பர் 27, வியாழன்

பெரம்பலூர். சார் அனுப்பினார். இந்தப் படிவங்களை நிரப்பித் தர அங்கே ஓர் ஆலோசகர் இருக்கிறாராம்.

அரியலூரிலிருந்து பஸ். குன்னம் தாண்டி இரண்டு பக்கமும் மக்காச்சோளம், கதிர் முற்றி நிற்கிறது. பன்றிக்குப் பயந்து வேலி முழுக்கப் பழைய சேலை. அதற்கு மேல் கயிறு கட்டி, பளபளவென்று எதையோ வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பஸ் ஒரு வேகத்தடையில் நின்றபோது தெரிந்தது. எங்கள் கவர். பிரிண்ட் பிசகிய ஒரு கட்டு எப்படியோ இங்கே வந்திருக்கிறது.

பக்கத்து சீட்டு அம்மா: "கிளிக்குங்க. வெயிலு பட்டா கண்ணு கூசும், ஒரு கிளி அண்டாது. நல்ல கவருங்க அது."

எங்கள் கவர் வீணாகாமல் செய்த ஒரே வேலை கிளி விரட்டியது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆலோசகர் அறை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில். மேஜையில் காய்ந்துபோன மணி பிளாண்ட். நான் எடை போட்ட தாளை நீட்டினேன். பார்க்கவே இல்லை.

"மாசம் முந்நூத்தி எம்பது கிலோ திரும்ப எடுத்தீங்கன்னு போட்டுக்குவோம் மேடம். ரவுண்டா போட்டா சந்தேகம் வரும். கவர வாங்கிக்கிற கம்பெனி லெட்டர் எங்கிட்டயே இருக்கு. போட்டோ மட்டும் நீங்க குடுங்க."

நாங்கள் மாதம் பயன்படுத்துவதே அவ்வளவு இல்லை. விற்றதை விட அதிகமாகத் திரும்ப எடுத்திருக்கிறோம்! அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"பொண்ணு பேர்லயே இருக்கட்டும் சார். எல்லாரும் ஸ்டாஃப் பேர்லதான் போடறது. நாளைக்கு ஒண்ணுன்னா உங்ககிட்ட வராது பாருங்க." நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாயே தொறக்காத புள்ளையா இருக்கு. நல்லதாப் போச்சு."

நான் எதிரில் இருக்கிறேன். இரண்டு அடி தூரம். நாற்காலியைப் பற்றிப் பேசுவது போல.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" வேண்டாம் என்று தலையாட்டினேன். நன்றி என்றும் சொன்னேன். நன்றி! எதற்கு நன்றி?  அந்த ஆளை விட என் மேல்தான் கோபம் அதிகம். பஸ் ஏறிய பிறகு அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன, அரியலூர் வரைக்கும். ஒவ்வொன்றும் நல்ல பதில்.

பேனா ரீஃபில் வாங்க வேண்டும். அம்மாவுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 29, சனி

வெயில். துணி காய்ந்தது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சார் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டரை வருஷத்தில் முதல் முறை. அப்போதே உஷாராகி இருக்க வேண்டும்.

"உங்கம்மா பஞ்சாயத்துல அந்த வேலதானே பாக்குறாங்க?"

நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"யூனிஃபார்ம், கையுறையோட, நம்ம கவர மூட்டையாப் புடிச்ச மாதிரி ஒரு போட்டோ. வேற யாரையாச்சும் நிறுத்தினா நடிச்ச மாதிரி இருக்கும். உங்கம்மான்னா இயற்கையா இருக்கும்மா. ஒரு கிலோ முந்திரி குடுத்தனுப்புறேன், வெறும் கையா வேண்டாம்."

இயற்கையா இருக்கும். இயற்கையா இருக்கும். இயற்கையா இருக்கும்.

இவர் கொட்டுவதை அம்மா அள்ள வேண்டும். அள்ளுவதைப் போட்டோ எடுக்க வேண்டும். அந்தப் போட்டோவைக் காட்டி இவர் சுத்தமானவர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டிலிருந்தே ஆளும் அலுவலரும் கிடைத்துவிட்டார்கள்.

 நேற்றே எழுதி வைத்திருந்தேன், தமிழில், ஒரு பக்கம். மேஜையில் வைத்தேன்.

அதில் இருந்தது: திரும்ப எடுப்பது இல்லை என்று உண்மையைப் போடலாம். மெயிலின் மூன்றாம் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எப்போது சரி செய்வோம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தால் அவகாசம் கேட்கலாம். டிராக்டரை நிறுத்தலாம். சில்வருக்குப் பதில் ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்த கவர், அரியலூரில் இரண்டு காயலாங்கடைகளில் கேட்டுவிட்டேன் (வாய் திறந்து கேட்டேன்!), எடுத்துக்கொள்வார்கள். முக்கோணத்தை நீக்க வேண்டும், அந்தத் தப்பு என்னுடையது.

சார் படித்தார். "பரீட்ச எழுதுன மாதிரி எழுதிருக்க. கையெழுத்து நல்லாருக்கு." மடித்து டேபிள் காலண்டருக்கு அடியில் செருகினார். "சாதாக் கவர்ல போட்டா முந்திரி எத்தன நாளைக்கு மொறுமொறுன்னு இருக்கும்? அவகாசம் தரலன்னா? கட நிக்கும். ஆறு பொம்பளைங்களுக்கு நீ சோறு போடுவியா?"

அந்தக் கடைசிக் கேள்வி அவருக்கு வெறும் வாய்ச்சொல். எனக்கு அப்படி இல்லை. ராணியக்காவின் மகன் ஐடிஐயில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதனால்தான் இன்னும் கோபம். நிஜமான ஒன்றை எடுத்துப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். சீயக்காய் தீர்ந்துவிட்டது.

அம்மாவிடம் போட்டோ விஷயத்தைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று இருந்தேன், வந்துவிட்டது.

விழுந்து விழுந்து சிரித்தாள். "வரச் சொல்லுடி அந்த ஆள. குழியப் பின்னாடி வச்சு எடுக்கச் சொல்லு. என்ன மட்டும் எடுத்தா நல்லாவா இருக்கும்? டிராக்டரயும் நிறுத்தச் சொல்லு, குடும்பப் படமா இருக்கட்டும்."

சிரித்து முடித்து, ஊறவைத்திருந்த சீருடையைத் துவைக்கக் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வரை அது துவைக்காமல் வாளியிலேயே கிடந்தது.

டிசம்பர் 1, திங்கள்

மீண்டும் மழை. பஸ் இருபது நிமிஷம் லேட்.

போட்டோ ஏற்கெனவே ஏறியிருந்தது. எந்த ஊரோ, யாரோ ஓர் அம்மா, இணையத்தில் எடுத்தது. படிவம் முழுக்க நிரம்பியிருந்தது. 380 கிலோ. கம்பெனி லெட்டர். கீழே என் பெயர். நான் சேமித்த அதே பதவி.

சார் என் மேஜைக்கே வந்தார். "உம் போனுக்கு ஓ.டி.பி. வரும் பாரு. சொல்லு, போட்டுர்றேன்."

வந்தது. ஆறு எண். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்துச்சா?"

பேசவில்லை.

"சுகந்தி. பத்து நிமிஷம்தான் இருக்கும் அது. சொல்லும்மா."

இந்த ஒன்று எனக்குப் பழக்கம். வகுப்பில், கல்லூரியில், உறவுக்காரர்கள் வீட்டில், எல்லா இடத்திலும் பேசாமல் இருந்து திட்டு வாங்கியவள். எழுந்து போகவில்லை. தலை குனியவுமில்லை. திரையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 11.08. 11.12. கணக்கர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். 11.15.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா இது. யாரு வந்து பாக்கப் போறா?"

11.18. நேரம் முடிந்தது என்று சிவப்பில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி என் போன்தான் அதிர்ந்தது.

அப்போது வாய் திறந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது, ஆனால் வந்தது. "உங்க பேரு, உங்க நம்பரப் போட்டுக்கங்க சார். சும்மா ஃபார்மாலிட்டிதானே."

சார் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, மவுஸைத் தொட்டார். பெயர்க் கட்டத்துக்குக் கொண்டு போனார். என் பெயரை அழித்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். வெறும் கட்டம். அவர் பெயர் போடவில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். டீ எனக்கு வரவில்லை. பேப்பர் கப் ஒன்று மிச்சம்.

டிசம்பர் 2, செவ்வாய்

வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று ஆறரை வரை. அம்மா டப்பாவில் சோறு கட்டி வைத்துவிட்டாள். போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சார் அறைக்குள் போனில்.

பத்தரை இருக்கும். ராணியக்கா தன் பட்டன் போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சுகந்தி, எம் போன்ல ஏதோ நம்பரு வந்துருக்காம். உன்னப் படிக்கச் சொல்லி வந்து சொல்லச் சொன்னாரு சாரு. எனக்கெங்க இங்கிலீசு? என்னமோ அலுவலராம்ல இனிமே நானு! காலைல ஆதார் கார்டு கேட்டாரு, போனசுக்காக்கும்னு நெனச்சேன். பாத்தா பதவி."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன வாரம் திங்கட்கிழமை பஸ்ஸில் என் முகத்தில் இருந்தது அது.

 நேற்று இருந்ததெல்லாம் கோபமே இல்லை, இதுதான். படித்தவள் பேசவில்லை என்றதும் படிக்கத் தெரியாதவளைத் தேடியிருக்கிறார். அதைப் படித்துக் காட்டவும் என்னிடமே அனுப்பியிருக்கிறார்.

போனை வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தேன். ராணி, க/பெ. முருகேசன், பேக்கேஜிங் பொறுப்பு அலுவலர்.

"அக்கா, இந்த நம்பர் எதுக்குன்னு மொதல்ல படிக்கிறேன். கேளு."

முதல் வரியிலிருந்து தமிழாக்கிப் படித்தேன். உள்ளே சீல் மெஷின் சத்தம். "என்னாது? கேக்கல, சத்தமாப் படி" என்று யாரோ சொன்னார்கள். எழுந்து, திரையைத் திருப்பி வைத்து, சத்தமாகப் படித்தேன். மெஷினை நிறுத்தினார்கள். ஐந்து பேரும் வந்து நின்றார்கள். என் குரலை அவ்வளவு பெரிதாக நானே கேட்டதில்லை.

"மாதம் முந்நூற்று எண்பது கிலோ கவரை மக்களிடமிருந்து திரும்பப் பெறுகிறோம்."

"எங்கேருந்து? டிராக்டர்லேருந்தா?" ஒரே சிரிப்பு.

"இதுதான் எங்கள் தூய்மைப் பணியாளர்." போட்டோவைக் காட்டினேன். "யாருடி இது, நல்லாருக்கா" என்றாள் ஒருத்தி.

சார் கதவருகில் வந்து நின்றார். பார்த்தேன். நிறுத்தவில்லை. கடைசி வரி: "மேலே சொன்ன எல்லாம் உண்மை. பொய் என்று தெரிந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு. இப்படிக்கு, ராணி."

சிரிப்பு நின்றது.

ராணியக்கா திரையைப் பார்த்தாள், எழுத்து தெரிந்தவள் போல, மேலிருந்து கீழ் வரை. "இதுல சாரு பேரு எங்க இருக்கு?"

"இல்லக்கா."

"நம்பரு சொல்லலன்னா கட நின்னுருமா?"

நிற்காது என்று சொல்ல ஆசை. "தெரியலக்கா. உண்மைய எழுதி அவகாசம் கேக்கலாம்னு இருக்கு. தருவாங்களான்னு தெரியல."

 மழை தகரத்தில் விழும் சத்தம். ராணியக்கா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. போனை என் மேஜையில் வைத்தாள். கட்டை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இத எப்புடி அழிக்கிறது?"

பொத்தானைக் காட்டினேன்.